வாங்காமல் இருப்பதா, நன்றி சொல்லிப் பழகுவதா?

நவம்பர் 11இல் வரும் 11.11 இணைய மலிவு விற்பனை வந்தாலே கை தானாக ஷாப்பி செயலியைத் திறக்கிறது. இந்தக் கையை அடக்க இரண்டு வழி சொல்வார்கள். ஒன்று, ஈஸ்டருக்கு முன் வரும் லெந்து காலம் (தவக்காலம்) 40 நாளும் தேவையில்லாத எதையும் வாங்காமல் இருப்பது. கட்டுப்பாடு வரும், சரி. ஆனால் கூடையில் போட்டு வைத்ததெல்லாம் ஈஸ்டர் முடிந்த கையோடு பார்சலாக வாசலுக்கு வந்துவிடும் (கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் இது சகஜம்).

இன்னொன்று, தினமும் நன்றி ஜெபம். ‘எல்லாவற்றுக்கும் ஸ்தோத்திரம்’ என்று மொத்தமாக முடித்தால் ஒன்றும் நடக்காது; மூடி விரிசல் விட்ட பழைய பிளெண்டர் இன்னும் சட்னி அரைக்கிறதே, அதற்கு நன்றி என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பாருங்கள், புது மாடல் விளம்பரம் அவ்வளவாக இழுக்காது. பைபிளில் அப்போஸ்தலன் பவுலே மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன் என்றுதான் பிலிப்பியர் 4:11இல் எழுதுகிறார், அதுவும் சிறைக்காவலில் இருந்துகொண்டு.

என் ஓட்டு இரண்டாவதற்குத்தான். கிரெடிட் கார்டு பாக்கி கழுத்தைப் பிடிக்கிறவர்கள் முதலாவதிலிருந்து ஆரம்பிக்கட்டும்.