சிப் போயிடுச்சுன்னு சொன்னா உடனே நம்பாதீங்க: லினக்ஸ் லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு

லேப்டாப் ரிப்பேருக்கு நான் கொடுத்தது மொத்தம் 6,000 ரூபாய். அதில் 1,500 தேவையே இல்லாத வேலைக்கு. மீதி 4,500 செய்யவே செய்யாத வேலைக்கு. பணம் போனதைவிட, செமஸ்டர் நேரத்தில் என் மகள் லேப்டாப் இல்லாமல் தோழியின் போனில் பாடம் பார்த்தாளே, அதுதான் இன்னும் ஆறவில்லை. இன்னொரு வீட்டில் இது நடக்கக் கூடாது என்றுதான் விவரமாக எழுதுகிறேன்.

செகண்ட் ஹேண்டில் வாங்கிய லேப்டாப். நாலாம் தலைமுறை இன்டெல் ஐ5 (அதற்குள்ளேயே ஒரு கிராபிக்ஸ் உண்டு), கூடவே தனி கிராபிக்ஸ் சிப்பாக என்விடியா ஜீஃபோர்ஸ் 820எம். விண்டோஸ் திணறியதால் அதற்குப் பதில் லினக்ஸ் மின்ட் 21.3 என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டோம், நன்றாகவே ஓடியது. ஒரே குறை, வீடியோ ஓடும்போது திரையின் குறுக்கே ஒரு கோடு விழும். மேல் பாதி ஒரு பக்கம், கீழ்ப் பாதி ஒரு பக்கம் என்று படம் கிழிந்த மாதிரி தெரியும். மணிக்கணக்கில் வகுப்பு வீடியோ பார்ப்பவளுக்குக் கண் வலித்தது.

2024 அக்டோபரில் திருச்சியில் ஒரு சர்வீஸ் கடைக்குக் கொண்டு போனேன். "என்விடியா டிரைவர் போடல சார், அதான். லினக்ஸ்ல இதெல்லாம் போடத் தெரிஞ்சவங்க கம்மி. 1,500 ஆகும்" என்றார். டிரைவர் என்றால் அந்தச் சிப்பை இயக்கும் மென்பொருள். பாஸ்வேர்டை ஒரு சீட்டில் எழுதி மூடி மேலேயே ஒட்டச் சொன்னார். அதையும் செய்தேன். செய்திருக்கக் கூடாது.

மூன்று வாரம் ஓடியது. ஒரு நாள் காலை, முந்தின இரவு அப்டேட் போட்ட பிறகு, திரை கறுப்பாக நின்றது. எழுத்துக்கூட இல்லை. திரும்ப அதே கடை. இரண்டு நாள் கழித்துப் போன் வந்தது: "கிராபிக்ஸ் சிப் போயிடுச்சு சார். மதர்போர்டுல இருந்து எடுத்து ரீபால் பண்ணி ஒட்டணும். 4,500. வேண்டாம்னா போர்டே மாத்தணும், அது பத்துக்கு மேல போகும்." ரீபால் என்றால் சிப்பைக் கழற்றி, அடியில் இருக்கும் சால்டர் குண்டுகளைப் புதிதாக வைத்துத் திரும்ப ஒட்டுவது. வேறு வழி தெரியாமல் சரி என்றேன். பன்னிரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தது.

வந்ததிலிருந்து மகள் ஒவ்வொரு குறையாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள். வெளிச்சம் கூட்டிக் குறைக்கும் பொத்தான் வேலை செய்யவில்லை. பக்கத்தை நகர்த்தினாலே இழுத்து இழுத்துப் போகிறது. ஃபேன் ஓயாமல் இரைகிறது. எச்டிஎம்ஐ வழியாக டிவியில் படம் வரவில்லை. கடையில் கேட்டால், "பழைய மெஷின் சார், ரீபால் பண்ணது அவ்வளவுதான் வரும்."

பொங்கலுக்கு மச்சினர் மகன் வந்திருந்தான். லினக்ஸிலேயே வேலை பார்ப்பவன். கட்டளை தட்டும் டெர்மினலைத் திறந்து, கிராபிக்ஸ் விவரம் பார்க்க 'இன்க்ஸி' (inxi) கட்டளைக்குப் பின் ஹைஃபனும் பெரிய 'ஜி'யும் போட்டான். வந்த வரியில் 'எல்எல்விஎம்பைப்' என்று இருந்தது. "மாமா, இதுல கிராபிக்ஸ் சிப் எதுவுமே வேலை செய்யல. என்விடியா மட்டும் இல்ல, இன்டெல்லும் செய்யல. படம் வரையற வேலை முழுசும் சிபியு தலையில விழுது. அதான் ஃபேன் இப்படிக் கத்துது."

காரணம், லேப்டாப் பூட் ஆகும்போது லினக்ஸை ஏற்றிவிடும் கிரப் (GRUB) நிரலின் அமைப்பு ஃபைலில் யாரோ 'நோமோட்செட்' என்ற ஒற்றைச் சொல்லைச் சேர்த்திருந்தார்கள். திரையே வராதபோது தற்காலிகமாக உள்ளே நுழைய மட்டும் பயன்படுத்தும் சொல் அது. அதை நிரந்தரமாக விட்டால் இன்டெல் டிரைவரும் எழும்பாது. வெளிச்சப் பொத்தான், எச்டிஎம்ஐ எல்லாம் அதோடு போய்விடும். அந்த ஃபைல் கடைசியாக மாற்றப்பட்ட தேதி, கடையிலிருந்து லேப்டாப் வந்ததற்கு முந்தின நாள்.

பிறகு மின்ட் பென்டிரைவிலிருந்தே லேப்டாப்பை பூட் செய்து காட்டினான். எதையும் இன்ஸ்டால் செய்யாமல் எல்லாம் சரியாக வந்தது. வெளிச்சம், எச்டிஎம்ஐ, முழு ரெசல்யூஷன் எல்லாம். உள்ளே இருக்கும் சிப்களைப் பட்டியல் போடும் 'எல்எஸ்பிசிஐ' (lspci) கட்டளையில் என்விடியா சிப்பும் உயிரோடு தன் பெயரைச் சொன்னது.

அடுத்து அவன் செய்ததைப் பார்த்துத்தான் எனக்குக் கோபம் பொங்கியது. பின்பக்க மூடியைக் கழற்றி, சிப்பின் சூட்டை இழுக்கும் உலோகப் பாகமான ஹீட்சிங்க்கைத் தூக்கினான். சிப்பை எடுத்து ரீபால் செய்ய வேண்டுமானால் அதைக் கழற்றாமல் தொடவே முடியாது. அடியில் சூட்டைக் கடத்தப் பூசும் பேஸ்ட், பல வருஷத்துப் பழையது, சுண்ணாம்பு மாதிரி காய்ந்து வெடித்து இருந்தது. ஃபேன் வாயில் தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. அந்த ஸ்க்ரூக்களை யாருமே தொட்டதில்லை. உடனே படம் எடுத்து வைத்தேன்.

உண்மையில் நடந்தது இதுதான். 820 என்ற எண்ணைப் பார்த்துப் புதுசு என்று நினைக்க வேண்டாம். எங்கள் லேப்டாப்பில் உள்ளே இருப்பது ஜிஎஃப்117 என்ற சிப். அது 2010-இல் அறிமுகமான ஃபெர்மி தலைமுறையைச் சேர்ந்தது. அதே வரிசையில் 840எம் வேறு தலைமுறை, மேக்ஸ்வெல். ஃபெர்மிக்கு என்விடியா தந்த கடைசி டிரைவர் வரிசை 390. அதற்கும் 2022 முடிவோடு ஆதரவை நிறுத்திவிட்டார்கள். ஜீஃபோர்ஸ் 600, 700-இல் பெரும்பாலானவை கெப்ளர் தலைமுறை. அதற்குக் கடைசி 470. ஆகவே யாராவது "லேட்டஸ்ட் டிரைவர் போட்டுத் தர்றேன்" என்று சொன்னால், முதலில் எல்எஸ்பிசிஐ காட்டும் சிப் பெயரைக் கேளுங்கள். அது தெரியாதவரிடம் லேப்டாப்பைக் கொடுக்காதீர்கள்.

கடைக்காரர் வரிசையைச் சரியாகத்தான் பிடித்திருந்தார், 390. ஆனால் மின்ட்டின் டிரைவர் மேனேஜரில் ஒரே கிளிக்கில் கிடைப்பதை விட்டுவிட்டு, தனி இன்ஸ்டாலரான ரன் ஃபைலை இறக்கி, டிகேஎம்எஸ் இல்லாமல் போட்டிருக்கிறார். கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) மாறும்போதெல்லாம் டிரைவரைத் தானாகவே மறுபடி அமைத்துத் தருவதுதான் டிகேஎம்எஸ். அது இல்லாமல் போட்டால் அன்றைக்கு இருக்கும் கர்னலுக்கு மட்டும்தான் டிரைவர் இருக்கும். அடுத்த அப்டேட்டில் புதுக் கர்னல் வந்ததும் அது காணாமல் போகும். லினக்ஸோடு வரும் என்விடியாவுக்கான திறந்த மூல டிரைவரான நூவோவையும் அந்த இன்ஸ்டாலர் முடக்கியிருந்தது. கறுப்புத் திரைக்கு இவ்வளவுதான் காரணம். அன்று காலை பூட் ஆகும்போது கிரப் மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய்ப் பழைய கர்னலைத் தேர்ந்திருந்தால், நானே திரும்ப உள்ளே போயிருக்கலாம்.

மச்சினர் மகன் ரன் ஃபைல் போட்ட எல்லாவற்றையும் நீக்கினான், நோமோட்செட்டை எடுத்தான். பாதுகாப்புத் திருத்தம் நின்றுபோன டிரைவர் தேவையில்லை, இவள் வேலைக்கு இன்டெல்லே தாராளம் என்று என்விடியா டிரைவரைப் போடவே இல்லை. நாங்கள் முதலில் புகார் சொன்ன கோடு? இன்டெல்லுக்கான அமைப்பு ஃபைலில் 'டியர்ஃப்ரீ' என்று ஒரு வரி. பத்து நிமிஷ வேலை, அதற்குப் பிறகு ஒரு முறைகூடக் கோடு விழவில்லை. இன்டெல், ஏஎம்டி கிராபிக்ஸ் இரண்டுக்கும் டிரைவர் கர்னலோடேயே வந்துவிடுகிறது. தனியாகப் போட்டுத் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் எதற்கு என்று கேளுங்கள். பின்னாளில் 390 வேண்டும் என்றால் இருக்கட்டும் என்று மின்ட் 22-க்கும் போகவில்லை. அதற்கு அடித்தளமான உபுண்டு 24.04-இல் அது கிடையாது. மின்ட் 21-க்கு 2027 வரை அப்டேட் உண்டு.

கடைக்குப் படங்களோடு போனேன். "சர்வீஸ் சார்ஜ் ரிட்டர்ன் கிடையாது சார்" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. கையில் இருப்பது 'லேப்டாப் சர்வீஸ் 4,500' என்று மட்டும் எழுதிய பில். ரீபால் என்ற வார்த்தையே அதில் இல்லை. நீங்கள் கொடுக்கும்போது என்ன வேலை, எந்தப் பாகம் என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். அங்கே முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரையான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை. பில், ஃபைல் தேதி தெரியும் ஸ்கிரீன்ஷாட், காய்ந்த பேஸ்ட் படம் மூன்றையும் மகள் ஒரே ஃபோல்டரில் போட்டு வைத்திருக்கிறாள்.