மாலை கட்டுகிறவளுக்கு ஒரு கண்ணாடி

நாரில் ஒரு முடிச்சுப் போட்டு, அதைப் பையில் வைத்துக்கொண்டுதான் இந்தக் கண்ணாடியை வாங்கப் போனேன். அதற்கு முன்னால் இரண்டு வருடம் பொருந்தாத கண்ணாடிகளோடு கழுத்தை வளைத்துக்கொண்டு கிடந்தேன். எதனால் பொருந்தவில்லை என்று அந்த முடிச்சுதான் எனக்குக் காட்டித் தந்தது. கையால் வேலை செய்து பிழைக்கிற, நாற்பது தாண்டிய யாருக்கும் இது உதவும் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

நான் கன்னியாகுமரி மாவட்டத்துத் தோவாளைக்காரி. வயது 56. பாவாடை கட்டிய காலத்திலேயே அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பிச்சிப்பூ தொடுக்கப் படித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு மாமியார் மாணிக்கமாலை கட்டச் சொல்லித் தந்தார். வெள்ளை அரளி, சிவப்பு அரளி, நொச்சி இலை மூன்றையும் வரிசை பிசகாமல் வைத்து நாரில் பின்னுகிற மாலை அது. பாய் முடைந்த மாதிரி தட்டையாக, கல் பதித்த மாதிரி கட்டம் கட்டமாக இருக்கும். 2025-இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்த மாலைதான். ஒரு பூ இடம் மாறினால் போதும், அதற்குக் கீழே வருவதெல்லாம் கோணிப்போகும். பிச்சியையும் மல்லிகையையும் நான் இருட்டிலும் தொடுப்பேன், விரலுக்கே வழி தெரியும். மாணிக்கமாலைக்குக் கண் வேண்டும்.

44 வயதில் தொடங்கியது. பூவை வைத்த கையை முகத்தை விட்டுத் தள்ளித் தள்ளிக் கொண்டுபோனால்தான் காம்பு தெரிந்தது. எங்கள் பக்கம் வெள்ளெழுத்து என்பார்கள். கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் சின்ன வயதில் நெகிழ்வாக இருக்கும், கிட்டத்தில் பார்க்கும்போது தானாக உப்பிக்கொடுக்கும். வயது ஏற ஏற அது இறுகிவிடுகிறது. 40-ஐ ஒட்டித் தெரிய ஆரம்பித்து 60, 65 வரை கூடிக்கொண்டே போகும். எல்லாருக்கும் வருவதுதான். அன்று இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. கண் போச்சு, தொழிலும் போச்சு என்று ராத்திரி தூக்கமில்லாமல் கிடந்தேன்.

முதலில் காப்பாற்றியது கோட்டாறு சந்தைப் பக்கம் 150 ரூபாய்க்கு வாங்கிய ரெடிமேட் கண்ணாடி. அதைக் கேவலமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. தூரப்பார்வைக்குப் பவர் இல்லாத, இரண்டு கண்ணும் ஒரே மாதிரி இருக்கிற என்னைப் போன்றவர்களுக்கு அது நன்றாகவே வேலை செய்யும். 1.50-இல் ஆரம்பித்து 2.50 வரை, உடைய உடைய மாற்றிப் பத்து வருடம் ஓட்டினேன்.

பிறகு முட்டுவலி வந்தது. அதுவரை தரையில்தான் உட்காருவேன். ஒரு காலை மடக்கி, ஒரு முட்டைக் குத்தவைத்து, மாலை நெஞ்சுக்குக் கிட்டவே இருக்கும். இனி தரையில் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொன்னதால் நாற்காலிக்கு மாறினேன். முன்னால் ஒரு முக்காலி, அதன் மேல் பலகை, பலகையில் மாலை. முட்டு தப்பித்தது. ஆனால் அந்த வாரமே மாலை மங்க ஆரம்பித்தது.

இங்கேதான் நான் தப்புக் கணக்குப் போட்டேன். பவர் ஏறிவிட்டது என்று நினைத்து 3.00 வாங்கினேன். மங்கல் இன்னும் கூடியது. பூ தெளிய வேண்டுமென்றால் பலகை மேல் கவிழ்ந்து குனிய வேண்டும். ஓணத்துக்குக் கேரளத்துக்குப் பூ போகிற நாட்களில் எங்களுக்கு ராத்திரி பகல் கிடையாது. அந்த வருட ஓணம் முடிந்தபோது கழுத்தை இடது பக்கம் திருப்ப முடியவில்லை.

மகன் பாவம், மனசு கேட்காமல் ஒரு பெரிய கடைக்குக் கூட்டிப்போய் 9,200 ரூபாய்க்கு புரோகிரஸிவ் கண்ணாடி வாங்கித் தந்தான். தூரம், நடுத்தரம், கிட்ட எல்லாம் ஒரே லென்ஸில், கோடு தெரியாது, வேறு எதுவுமே வேண்டாம் என்றார்கள். கண்ணாடியில் தப்பில்லை, என் வேலைக்குத்தான் ஆகவில்லை. அந்த லென்ஸில் மேல்பகுதி தூரத்துக்கு, அடிப்பகுதி கிட்டத்துக்கு, நடுவில் ஒரு ஒடுங்கின பாதை, இரண்டு ஓரமும் கலங்கல். தாளில் நாலு வரி படிக்க அது போதும். நான் கட்டுகிற மாலை பலகையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை கிடக்கும். பாதைக்குள் அதைக் கொண்டுவர மோவாயைத் தூக்கி, தலையைத் திருப்பி, மறுபடி திருப்பி, மணிக்கணக்காக அப்படியே இருக்க வேண்டும். பழகிவிடும், இரண்டு வாரம் பொறுங்கள் என்றார்கள். இரண்டு மாதம் பொறுத்தேன். நான் என்ன வேலை செய்கிறேன் என்று அந்தக் கடையில் ஒருத்தரும் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

ஆனால் அது பெட்டியில் தூங்கவில்லை. விடியற்காலம் பூச்சந்தைக்குப் போகும்போது அதைத்தான் போடுகிறேன். எதிரே வருகிற வியாபாரி முகம், தராசில் ஓடுகிற எண், கையிலிருக்கிற சீட்டு மூன்றும் கழற்றாமல் தெரியும். படி இறங்கும்போது மட்டும் கவனம் வேண்டும். அடிப்பகுதி வழியாகப் பார்த்தால் படி மிதக்கிற மாதிரி இருக்கும், தலையை நன்றாகக் குனிந்து பார்த்துத்தான் காலை வைக்க வேண்டும்.

இனி இந்தக் கண்ணாடி. போன ஐப்பசியில் வாங்கினேன். நாகர்கோவில் மணிமேடைப் பக்கம் மாடியில் இருக்கிற சின்னக் கடை. பிரேமும் லென்ஸும் சேர்த்து 1,450 ரூபாய். அதற்கு முன்பே கண் டாக்டரிடம் முழுச் சோதனையும் செய்திருந்தேன். புரை லேசாகத் தொடங்கியிருக்கிறது, ஆபரேஷனுக்கு இப்போது அவசரமில்லை, கண் அழுத்தம் சரியாக இருக்கிறது என்றார்கள். கடைக்குப் போகிறதற்கு முன்னால் இதை எல்லாரும் செய்துகொள்ளுங்கள். அழுத்தம் கூடினால் வலியோ மங்கலோ இல்லாமலே உள்ளே நரம்பைத் தின்றுகொண்டிருக்கும், கண்ணாடிக் கடையில் நிற்கிற நமக்கு அது தெரியாது.

அந்தக் கடைத் தம்பி எழுத்து அட்டையை நீட்டுவதற்கு முன்னால் கேட்டது இதுதான்: “அக்கா, வேலை செய்யும்போ கை எவ்வளவு தூரத்துல இருக்கும்?”

சொல்லத் தெரியவில்லை. கையை வைத்துக் காட்டினேன். “இப்படிக் காட்டுனா சரி வராதுக்கா. வீட்டுல எப்பவும் போல உக்காந்து, மூக்குத் தண்டுல இருந்து பூ வரைக்கும் அளந்துட்டு வாருங்க” என்றார். அன்று ஒன்றும் விற்காமலே அனுப்பிவிட்டார்.

மறுநாள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, நாரின் ஒரு முனையை நான் மூக்கில் பிடிக்க, மகள் மறுமுனையைப் பலகைக்குக் கொண்டுபோய் முடிச்சுப் போட்டாள். “எம்மா, குனியாத, குனியாத” என்று மூன்று தடவை சொன்னாள். அந்த நாரைக் கடையில் டேப் வைத்து அளந்தபோது 57 சென்டிமீட்டர் வந்தது. தம்பி கணக்குப் போட்டுக் காட்டினார். 100-ஐப் பவரால் வகுத்தால், இந்த வயதில் அந்தக் கண்ணாடிக்குத் தெளிவாகத் தெரிகிற தூரம் ஏறத்தாழ வரும். 2.50 என்றால் 40 சென்டிமீட்டர். தரையில் உட்கார்ந்த காலத்தில் என் மாலை இருந்தது அங்கேதான். 3.00 என்றால் 33. நாற்காலிக்கு மாறியபோது மாலை தள்ளிப்போய்விட்டது, நானோ இன்னும் கிட்டத்தில் பார்க்கிற கண்ணாடியை வாங்கி மாட்டியிருக்கிறேன். எனக்கு வேண்டியிருந்தது குறைந்த பவர். 1.75. தூரத்துக்குப் பவர் உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது, அதையும் சேர்த்துத்தான் போட வேண்டும் என்றும் சொன்னார்.

சோதனை பிரேமில் 1.75-ஐ மாட்டிவிட்டு, கையோடு கொண்டுபோயிருந்த அரளியை அங்கேயே கட்டச் சொன்னார். நிமிர்ந்த முதுகோடு ஒரு வரிசை முடித்தேன். நொச்சி இலையின் நரம்பு தெரிந்தது. இரண்டு வருடத்துக்குப் பிறகு பார்க்கிறேன். கண் கலங்கிவிட்டது, தம்பி பேசாமல் திரும்பிக்கொண்டார்.

நாலு மாதமாகத் தினம் ஐந்து மணி நேரம் போடுகிறேன். பலகையின் இரண்டு முனையும் ஒரே தெளிவு, தலையை ஆட்ட வேண்டியதில்லை. கழுத்து வலி ஒரே மாதத்தில் பாதியாகக் குறைந்தது. போட்டுக்கொண்டு நடக்க முடியாது, எழுந்தால் கழற்ற வேண்டும். மருந்துச் சீட்டில் இருக்கிற பொடி எழுத்துக்கும் இது போதாது, அதற்குப் பழைய 2.50-தான்.

குறை சொல்வதென்றால், முதலில் தந்த பிளாஸ்டிக் பிரேம் வியர்வையில் மூக்கிலிருந்து வழுக்கியது. சாதாரண வேலைக்காரர்களுக்கு அது சின்ன விஷயம். எங்களுக்கு அப்படி இல்லை. அரளிப் பால் விஷம், அந்த விரலால் கண்ணாடியை ஏற்றிவிடுகிறேன் என்று கண்ணோரம் தொட்டுவிட்டால் எரிச்சல் தாங்காது. திரும்பப் போய்ச் சொன்னேன். காசு வாங்காமல் சிலிக்கான் மூக்குத்தாங்கி வைத்த கம்பி பிரேமுக்கு மாற்றித் தந்தார்கள். பூ வேலை செய்கிறவர்கள் முதலிலேயே அதைக் கேட்டு வாங்குங்கள். லென்ஸை முந்தானையில் துடைக்காதீர்கள், பூந்தூசியும் மண்ணும் கீறிவிடும். சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டுக் கழுவினால் போதும்.

கண்ணாடியால் மட்டும் எல்லாம் சரியாகிவிடவில்லை. வெளிச்சமும் மாற வேண்டியிருந்தது. வயதானால் கண்ணின் நடுவிலிருக்கிற பாப்பா சுருங்குகிறது, லென்ஸும் மஞ்சளடிக்கிறது. இருபது வயதுக் கண்ணுக்குள் போகிற வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதுக் கண்ணுக்குள் போகும் என்கிறார்கள். எங்கள் திண்ணை விளக்கு என் தலைக்குப் பின்னால் இருந்தது, என் நிழலே மாலையில் விழும். இதைப் பிடித்தது குலசேகரத்தில் ரப்பர் பால் வெட்டுகிற என் அண்ணன். விடியுமுன் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் போகிறவர் அல்லவா. அவருடைய விளக்கையே ஒரு நாள் மாட்டிப் பார்த்தேன், கண்ணாடிக் காலும் விளக்கு வாரும் சேர்ந்து காதோரம் அழுத்தியது. இப்போது முக்காலியின் இடது பக்கம் ஒரு மேசை விளக்கு. நான் வலது கைக்காரி, அதனால் நிழல் மாலையில் விழுவதில்லை.

அண்ணனுக்கு வயது 61. பட்டையில் எவ்வளவு ஆழம் கத்தி போகிறது என்பது சமீபமாகத் தெரியவில்லை, ஆழமாகப் போய் இரண்டு மரத்தில் காயம் பட்டுவிட்டது என்று தை மாதம் வந்தபோது தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். என் நாரைக் காட்டினேன். இப்போது மரம் இலை உதிர்த்துப் பால் வெட்டு நின்றிருக்கிறது. கண்ணுக்கும் வெட்டுப் பட்டைக்கும் இடையே கயிறு பிடித்து முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறார். அவருக்கு இரண்டு முடிச்சு, உயர வெட்டுக்கு ஒன்று, தாழ வெட்டுக்கு ஒன்று. வருகிற புதன்கிழமை இரண்டு பேரும் கண் டாக்டரைப் பார்த்துவிட்டு அந்த மாடிக்கடைக்குப் போகிறோம். படி செங்குத்து, கைப்பிடி ஒரு பக்கம்தான் இருக்கிறது. முட்டுவலிக்காரர்கள் ஏற வேண்டாம், கீழே நின்று குரல் கொடுங்கள். தம்பி சோதனைப் பெட்டியோடு இறங்கி வருவார்.