கிரீன் கார்டும் நீண்ட வெளிநாட்டு வாசமும்: வந்து போவதா, மறுநுழைவு அனுமதியா, குடியுரிமையா?

அமெரிக்க நிரந்தர வசிப்பாளர் ஒருவர் வேலைக்காகவோ பெற்றோரைப் பராமரிக்கவோ நெடுங்காலம் வெளிநாட்டில் தங்க நேர்ந்தால், பலரும் முதலில் நாடும் வழி 6 மாதம் நிறைவதற்குள் வந்து, சில வாரம் தங்கிவிட்டுத் திரும்பிச் செல்வதாகும். முன்கூட்டி விண்ணப்பிக்கத் தேவையில்லாத இவ்வழியே மூன்றிலும் நலிந்தது என்பது என் கருத்து. அதிகாரிகள் நாட்கணக்கோடு நின்றுவிடுவதில்லை. அமெரிக்காவே நிலையான இருப்பிடம் என்னும் எண்ணம் உண்மையில் நீடிக்கிறதா என்பதையும் வீடு, வேலை, குடும்பம், வரித்தாக்கல் ஆகியவற்றைக் கொண்டு எடைபோடுகிறார்கள். வரியை மிச்சப்படுத்த நினைத்து, வசிப்பாளர் அல்லாதவர் என்ற நிலையில் கணக்குத் தாக்கல் செய்பவர் தமக்கு எதிரான சான்றைத் தாமே எழுதிக்கொடுத்தவராகிறார்.

ஓராண்டுக்கு மேல் வெளியே இருக்கப்போவது உறுதியானால் திரும்பி வர முன்கூட்டியே பெறும் ஆவணமான மறுநுழைவு அனுமதியே ஏற்றது; ஏனெனில் ஓராண்டைக் கடந்தபின் மீண்டும் நுழைவதற்குக் கிரீன் கார்டு மட்டும் போதாது. இதற்கு விண்ணப்பிக்கும் ஐ-131 படிவத்தை அமெரிக்காவுக்குள் இருக்கும்போதே தாக்கல் செய்ய வேண்டும். கைரேகைப் பதிவு முடிந்தபின் புறப்பட்டு, அனுமதியை வெளிநாட்டிலுள்ள அமெரிக்கத் தூதரகத்தில் பெற்றுக்கொள்ளவும் இயலும். பொதுவாக 2 ஆண்டு செல்லுபடியாகும் இதை நீட்டிக்க முடியாது, புதிதாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். கடந்த 5 ஆண்டுகளில் 4 ஆண்டுகளுக்கு மேல் வெளியே இருந்தவருக்குப் பெரும்பாலும் ஓராண்டுக்கே வழங்கப்படுகிறது. நீண்ட காலம் வெளியே இருந்தார் என்ற ஒரே காரணத்துக்காக வசிப்புரிமையைக் கைவிட்டதாகக் கொள்வதை இது தடுக்குமே தவிர, நுழைவுக்கு உத்தரவாதம் ஆகாது.

அதைவிடப் பெரிய குறை, குடியுரிமைக்கு விண்ணப்பிக்கத் தேவையான, அமெரிக்காவில் இடையறாத தொடர் வசிப்பை இந்த அனுமதி காப்பதில்லை என்பது. 6 மாதத்துக்கு மேற்பட்ட ஒரே பயணம் அத்தொடர்ச்சி அறுந்ததென்ற ஊகத்துக்கு இடமளிக்கும், அதைச் சான்று காட்டி மறுக்கலாம். ஓராண்டை எட்டினால், சில விதிவிலக்குகள் நீங்கலாக, தொடர்ச்சி அறுந்தே போகும். ஆகவே குடியுரிமைத் தகுதிக்குச் சில மாதங்களே எஞ்சியிருப்பவர், இயன்றால் பயணத்தைத் தள்ளிவைத்துக் குடியுரிமை பெற்றபின் புறப்படுவதே மேல்: பிறகு எத்தனை ஆண்டு வெளியே இருந்தாலும் அந்த உரிமை கைவிட்டுப் போகாது. ஆனால் பிறந்த நாடு இரட்டைக் குடியுரிமையை ஏற்காவிடில் கொடுக்கும் விலை சிறிதன்று.

ஓராண்டோ அனுமதியின் காலமோ கடந்தபின் எஞ்சுவது, திரும்பி வரும் வசிப்பாளருக்கான எஸ்பி-1 விசா. தாமதம் தம் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்டது என்று நிறுவியாக வேண்டுமாதலால், அதை நம்பித் திட்டமிடுவது தகாது. எவ்வழியில் வந்தாலும், உரிமையைக் கைவிடும் ஐ-407 படிவத்தில் கையெழுத்திடும்படி நுழைவாயிலில் கேட்டால் மறுக்கலாம்; குடிவரவு நீதிபதி முன் விசாரணை கோரும் உரிமை வசிப்பாளருக்கு உண்டு.