விம் கத்துக்க விம்டியூட்டர் போதுமா? முழுசா முடிச்சிட்டு எழுதுற ரிவ்யூ

விம், ஈமேக்ஸ் ரெண்டுமே டெக்ஸ்ட் எடிட்டர், அதுல எது பெருசுன்னு சண்டை போட வரல, அதை மொதல்லயே சொல்லிடுறேன். எங்கயோ இருக்குற சர்வருக்குள்ள எஸ்எஸ்ஹெச் வழியா நுழைஞ்சு போனா அங்க விஎஸ்கோடு மாதிரி எடிட்டர் இருக்காது, ஏதோ ஒரு கான்ஃபிக் ஃபைல்ல ஒரு வரி மாத்தணும், கைல கிடைக்கிறது விம்மோட மூத்த வடிவமான விஐ மட்டும்தான், பல மெஷின்ல கோடு மாற்றத்தைப் பதிவு பண்ற கிட்ல கமிட் அடிச்சா அதுவேதான் வந்து நிக்குது, சர்வர்களை நிர்வகிக்கிற குபெர்நெட்டிஸ்ல எடிட் போட்டாலும் அதேதான். இந்த வேலையில இருக்குற யாரும் ரொம்ப நாளைக்கு விம்மை தவிர்க்க முடியாது. அப்போ அந்த கீபோர்டு கமாண்டை எல்லாம் எங்க கத்துக்கறது, விம்மோடவே வர்ற விம்டியூட்டர்ங்கிற பயிற்சி போதுமான்னு கேக்குறவங்களுக்குத்தான் இது.

ஜூனியர் பசங்க நிறைய பேரு கமாண்டு லிஸ்ட் போட்ட பிடிஎஃப் ஒண்ணை டவுன்லோடு பண்ணி, அதை வால்பேப்பரா வேற வச்சுக்கிட்டு, கடைசி வரைக்கும் ஒண்ணும் மனசுல நிக்கலன்னு புலம்புறாங்க. நிக்காதுங்க. விம் கமாண்டு கண்ணால படிச்சு வர்றதில்ல, விரலுக்குப் பழகணும். அந்த ஒரு விஷயத்தை விம்டியூட்டர் சரியா புரிஞ்சு வச்சிருக்கு, அதனாலதான் இதைப் பத்தி இவ்வளவு எழுதுறேன்.

கமாண்டு டைப் பண்ற டெர்மினல் திரையைத் திறந்து விம்டியூட்டர்னு சேர்த்து ஒரே வார்த்தையா சின்ன எழுத்துல அடிச்சு என்டர் தட்டுனா வந்துடும், நெட் வேணாம், லாகின் வேணாம், விளம்பரம் கிடையாது. மேக்ல ஏற்கனவே இருக்கும். உபுண்டு லினக்ஸ்ல சில சமயம் கமாண்ட் நாட் ஃபவுண்ட்னு வரும், ஏன்னா அதுல டிஃபால்ட்டா வர்றது விம் டைனின்னு ஒரு சுருக்கின வெர்ஷன், ஆப்ட்ங்கிற இன்ஸ்டால் கமாண்டுல விம்முன்னு முழு பேக்கேஜ் போட்டா சரியாயிடும்.

திறந்ததும் பல பேருக்கு சப்புன்னு ஆகும். வீடியோ இல்ல, கலர் கலரா பட்டன் இல்ல, வெறும் டெக்ஸ்ட் ஃபைல். ஆனா விஷயமே அதுதான், பாடம் இருக்குற ஃபைலையே நீங்க எடிட் பண்ணித்தான் கத்துக்கறீங்க. ஒரிஜினலோட காப்பி ஒண்ணைத்தான் அது திறந்து குடுக்குது, அதனால கண்டமேனிக்கு அழிச்சாலும் ஒண்ணும் ஆகாது. இதை மொதல்ல எழுதினது அமெரிக்காவுல கொலராடோ ஸ்கூல் ஆஃப் மைன்ஸ்ல இருந்த மைக்கேல் பியர்ஸ், ராபர்ட் வேர்னு ரெண்டு பேரு, அப்புறம் விம்முக்கு ஏத்த மாதிரி மாத்தினது விம்மை உருவாக்கின பிராம் மூலனாரே. மொத்தம் ஏழு பாடம். அரை மணி நேரம் ஆகும்னு அதுலயே போட்டிருக்கும், அதை நம்பாதீங்க, சும்மா வாசிச்சுட்டே போனாத்தான் அரை மணி, சொன்னதையெல்லாம் செஞ்சு பாத்தா ஒரு மணி நேரத்துக்கு மேல இழுக்கும்.

முதல் பாடம் கர்சரை நகர்த்துறது. ஹெச் இடது, ஜே கீழ, கே மேல, எல் வலது. ஏரோ கீ இருக்கும்போது இது எதுக்குடான்னு தோணும், ஏரோ கீயும் வேலை செய்யும்னு அதுலயே நோட் இருக்கு, இதுக்குப் பின்னாடி ஒரு கதையும் இருக்கு. பில் ஜாய் 1976 வாக்குல விஐ எழுதினது ADM-3A-ன்னு ஒரு டெர்மினல்ல, அந்த கீபோர்டுல ஏரோ குறி போட்டிருந்ததே இந்த நாலு எழுத்து மேலதான். எஸ்கேப் கீயும் அதுல இப்போ டேப் இருக்குற இடத்துல, க்யூ பக்கத்துலயே இருந்துச்சு. இன்னிக்கு நம்ம கீபோர்டுல அது மூலைக்குப் போயிடுச்சு, ஆனா டைப் பண்றதை விட்டு கமாண்டு குடுக்குற நார்மல் மோடுக்குத் திரும்ப எஸ்கேப்பை நம்பி இருக்குற விம் மட்டும் அப்படியே இருக்கு, சுண்டு விரல் வலிக்குதேன்னு கேட்டா காரணம் இதுதான். டியூட்டர் சொல்லாத ஒரு வழி: கண்ட்ரோலோட இடது சதுர அடைப்புக்குறியை அழுத்தினா அதுவும் எஸ்கேப்தான், இல்லன்னா கேப்ஸ் லாக்கையே எஸ்கேப்பா மாத்திக்கங்க.

அடுத்து வெளிய வர்றது. விம்மை விட்டு எப்படி வெளிய போறதுங்கிற கேள்வியை புரோகிராமருங்க சந்தேகம் கேக்குற ஸ்டாக் ஓவர்ஃப்ளோ சைட்ல 2017லயே பத்து லட்சம் தடவை பாத்திருந்தாங்க, அந்த அளவுக்கு ஊரே மாட்டிக்கிட்ட இடம். டியூட்டர் இதை ரெண்டாவது விஷயமாவே வச்சிருக்கு, அதுவும் எப்படின்னா, மொதல்ல இந்தப் பகுதி முழுசையும் படிச்சிட்டு அப்புறமா செய்யுங்கன்னு எச்சரிக்கை போட்டுட்டு, எஸ்கேப் அடிச்சு கோலன் க்யூ ஆச்சரியக்குறி போட்டு நிஜமாவே உங்களை வெளிய அனுப்பிடும், நீங்க திரும்ப விம்டியூட்டர்னு அடிச்சு உள்ள வந்து விட்ட இடத்தைத் தேடணும். படிக்கிற ஆளை வகுப்பை விட்டு வெளிய அனுப்பி, தானா திரும்பி வர வைக்கிற பாடம் இது. ஒரு தடவை இப்படிப் போயிட்டு வந்தா அந்த பயம் போயிடும்.

இதுல உண்மையான சரக்கு ரெண்டாவது பாடம். நிறைய பேரு முதல் பாடத்தோட நகர்றது, டைப் பண்றது, சேவ் பண்றது தெரிஞ்சா போதும்னு மூடிடுறாங்க, அங்கதான் தப்பு. விம் கமாண்டை மனப்பாடம் பண்ண வேணாம், சேர்த்து எழுதிக்கலாம்னு புரிய வைக்கிறது ரெண்டாவது பாடம்தான். டின்னா அழி, டபிள்யூன்னா அடுத்த வார்த்தை ஆரம்பம் வரைக்கும், ஈன்னா இந்த வார்த்தை முடியுற வரைக்கும், டாலர் குறின்னா வரி முடியுற வரைக்கும். டிடபிள்யூ அடிச்சா ஒரு வார்த்தை போகும், டி2டபிள்யூ அடிச்சா ரெண்டு வார்த்தை, டி டாலர் அடிச்சா மீதி வரி மொத்தமும் காலி. மூணாவது பாடத்துல சி வரும், அதுன்னா அழிச்சிட்டு அங்கயே புதுசா டைப் பண்ணு, அதுக்கு தனியா ஒண்ணும் படிக்க வேணாம், டிக்கு தெரிஞ்சதெல்லாம் சிக்கும் பொருந்தும், ஆறாவது பாடத்துல காப்பி பண்ற ஒய்க்கும் அதேதான். நம்ம வினைச்சொல்லுக்கு விகுதி சேர்க்குற மாதிரி, வேர் பத்தும் ஒட்டு பத்தும் தெரிஞ்சா நூறு வார்த்தை வந்துடும்ல, அதேதான் இங்கயும்.

தப்பா அழிச்சா யூ அடிச்சா திரும்பி வரும், பெரிய யூ அடிச்சா அந்த வரி மொத்தமும் பழையபடி ஆகும், கண்ட்ரோல் ஆர் ரீடூ. நாலாவது பாடத்துல தேடுறது, மொத்த ஃபைல்லயும் ஒரு வார்த்தையை மாத்துறது, அதுல கடைசியா ஜிசி சேர்த்தா ஒவ்வொண்ணுக்கும் கேட்டுட்டு மாத்தும், புரொடக்‌ஷன் ஃபைல்ல வேலை பாக்குறவங்க இந்த சியை மட்டும் மறக்காதீங்க. அஞ்சு, ஆறு, ஏழு பரவாயில்ல ரகம், ஒரு தடவை செஞ்சு பாத்துட்டுப் போகலாம்.

இப்போ குறை. பெரிய குறை, எந்த இடத்துல நிறுத்தினோம்னு இது ஞாபகம் வச்சுக்காது. மூடினா போச்சு, அடுத்த நாள் முதல் வரியில இருந்து. ஸ்லாஷ் போட்டு தேடிப் போகலாம், ஆனா தேடுறதை சொல்லித் தர்றதே நாலாவது பாடத்துல, மூணாவது பாடத்துல விட்டவன் என்ன பண்ணுவான்? கோலன் டபிள்யூ போட்டு ஒரு பேரு குடுத்து உங்க ஃபோல்டர்ல தனியா சேவ் பண்ணி வச்சுக்கங்க, அடுத்த தடவை அந்த ஃபைலையே விம்ல திறங்க.

ரெண்டாவது குறைதான் எனக்கு கோவமே. விம் ருசிக்க ஆரம்பிக்கிற ரெண்டு விஷயம் இந்த ஏழு பாடத்துல இல்ல. ஒண்ணு புள்ளி. கடைசியா செஞ்ச மாற்றத்தை அதே மாதிரி இன்னொரு இடத்துல செய்யணும்னா புள்ளி கீயை ஒரு தடவை தட்டினா போதும். இன்னொண்ணு டெக்ஸ்ட் ஆப்ஜெக்ட். கர்சர் வார்த்தைக்கு நடுவுல எங்க இருந்தாலும் சிஐடபிள்யூ அடிச்சா முழு வார்த்தையும் போய் புதுசா டைப் பண்ணலாம், அதே சிஐக்கு அப்புறம் மேற்கோள் குறி அடிச்சா மேற்கோளுக்குள்ள இருக்குறது மட்டும் மாறும், அடைப்புக்குறி அடிச்சா அடைப்புக்குறிக்குள்ள இருக்குறது மட்டும். ஒரு கான்ஃபிக் ஃபைல்ல மேற்கோளுக்குள்ள பழைய ஐபி அட்ரஸ் எட்டு இடத்துல இருக்குன்னு வைங்க, ஸ்லாஷ் போட்டு அதைத் தேடி முதல் இடத்துல ஒரு தடவை மாத்திட்டு, அடுத்தடுத்த இடத்துக்கு என் அடிச்சுப் போய் புள்ளி, என், புள்ளி, அவ்வளவுதான். இதை சொல்லித் தராம வெளி கமாண்டோட அவுட்புட்டை ஃபைலுக்குள்ள கொண்டு வர்றதை எல்லாம் அஞ்சாவது பாடத்துல உக்காந்து சொல்லித் தர்றாங்க.

அப்புறம் டெர்மினலோட அக்கப்போரு எதையும் இது தொடல. நோட்பேட் பழக்கத்துல கண்ட்ரோல் எஸ் அடிப்பீங்க, சில மெஷின்ல ஸ்கிரீன் அப்படியே உறைஞ்சு நிக்கும், ஹேங் ஆயிடுச்சுன்னு விண்டோவை மூடிடாதீங்க, அது டெர்மினல் அவுட்புட்டை நிறுத்துற பழங்கால வழக்கம், கண்ட்ரோல் க்யூ அடிச்சா உயிர் வந்துடும். கண்ட்ரோல் இசட் அடிச்சா விம் காணாம போய் ப்ராம்ப்ட் வரும், செத்துப் போகல, பின்னாடி தூங்குது, எஃப்ஜின்னு அடிச்சா திரும்ப வரும். கேப்ஸ் லாக் ஆன்ல இருக்கறது தெரியாம ஜே அடிச்சுக்கிட்டே கீழ போனா வரியெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டே வரும், பெரிய ஜேக்கு வரியை சேர்க்குறதுதான் வேலை. எடிட் பண்ணிட்டு இருக்கும்போது கனெக்‌ஷன் அறுந்தா அடுத்த தடவை ஸ்வாப் ஃபைல் (எடிட் பண்றப்போ விம் தானா எடுத்து வைக்கிறது) இருக்குன்னு பெரிய மெசேஜ் வரும், பதறாம ஆர் அடிச்சு ரெகவர் பண்ணி, சரியா இருக்கான்னு பாத்து சேவ் பண்ணிட்டு, அப்புறமா அந்த ஸ்வாப் ஃபைலை அழிங்க.

தமிழ்ல எழுதுறவங்களுக்கு தனியா சில விஷயம். தமிழ்99 கீபோர்டு ஆன்ல இருக்கும்போது நார்மல் மோடுக்கு வந்து ஹெச் ஜே கே எல் அடிச்சா விம்முக்குப் போறது க ப ம த, கர்சர் அசையாது. ஒவ்வொரு தடவை எஸ்கேப் அடிச்சதும் இங்கிலீஷுக்கு மாத்தணும், இதுதான் மொத்தத்துலயே பெரிய தொல்லை. இன்னொண்ணு, 'கொ'ன்னு அடிச்சதை 'கோ'ன்னு மாத்தலாம்னு பேக்ஸ்பேஸ் தட்டினா கொம்பு காலோட ககரமும் சேர்ந்து போயிடும், எக்ஸ் அடிச்சாலும் அப்படியே. கோலன் செட் போட்டு டெல்கம்பைன்னு ஒரு ஆப்ஷனை ஆன் பண்ணினா குறியை மட்டும் தனியா அழிக்கலாம். இதுக்கப்புறமும் பல டெர்மினல்ல எழுத்து ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உக்காரும், அது விம்மோட குத்தம் இல்ல, கட்டம் கட்டமா எழுத்தை வைக்கிற டெர்மினலோட குத்தம். நீளமான தமிழ்க் கட்டுரையெல்லாம் இதுல எழுதாதீங்க, நான் இதையும் வேற எடிட்டர்லதான் எழுதுறேன்.

வேற வழி இருக்கான்னா, இருக்கு. விம்ல இருந்து பிரிஞ்சு வந்த நியோவிம் போட்டிருந்தா உள்ள போய் கோலன் அடிச்சு பெரிய டி போட்டு டியூட்டர்னு குடுங்க, அதே பாடம்தான், ஆனா வரியை சரியா திருத்தினா ஓரத்துல இருக்குற தப்புக் குறி டிக்கா மாறும், இந்தச் சின்ன விஷயமே பெரிய உற்சாகம். விம் அட்வென்ச்சர்ஸ்னு பிரவுசர்ல ஒரு கேமும் இருக்கு, முதல் சில லெவல் சும்மா, அப்புறம் காசு கேக்கும், பசங்களுக்கு ஜாலியா இருக்கும், ஆனா கேம்ல வர்ற வேகம் நிஜ ஃபைல்ல எனக்கு வரல.

விம்டியூட்டருக்கு அஞ்சுக்கு நாலு குடுப்பேன், அந்த ஒரு மார்க் புள்ளி கீயை சொல்லித் தராததுக்காக குறைச்சது. விலை ஒண்ணும் இல்ல, ஆனா விம்மை சும்மா திறந்தாலே உகாண்டாவுல இருக்குற ஏழைக் குழந்தைகளுக்கு உதவுங்கன்னு ஒரு வரி வரும் பாருங்க, பிராம் மூலனார் இதுக்குக் கூலியா கேட்டது அதைத்தான். மனுஷன் 2023 ஆகஸ்ட்ல தவறிட்டாரு. பிடிச்சிருந்தா அந்தப் பக்கம் கொஞ்சம் காசு அனுப்புங்க.

வருஷத்துக்கு ரெண்டு தடவைதான் டெர்மினல்ல ஃபைல் திறப்பேன்னு சொல்றவங்களுக்கு இதெல்லாம் வேணாம். நானோங்கிற எளிமையான எடிட்டர் போதும், முக்கியமான கமாண்டெல்லாம் கீழயே எழுதி இருக்கும், வெளிய வர கண்ட்ரோல் எக்ஸ். கிட் கான்ஃபிக்ல எடிட்டர் நானோன்னு ஒரு தடவை செட் பண்ணிட்டா கமிட் அடிக்கிறப்பவும் விம் மூஞ்சியைப் பாக்க வேண்டியதில்ல.