கடைக்கு ஈஆர்பி போடப் போகிறீர்களா? கையெழுத்து வைக்க முதல் இதை வாசியுங்கள்

எங்களுடையது கொக்குவிலில் ஒரு கட்டடப் பொருள் கடை. சீமெந்து, கம்பி, பைப், டைல்ஸ், பெயின்ற். சாவகச்சேரியில் ஒரு கிளை இருக்கிறது. அப்பா தொடங்கிய கடை, கணக்கை நான் பார்க்கிறேன். ஈஆர்பிக்காக, அதாவது விற்பனை, கையிருப்பு, கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கிற மென்பொருளுக்காக, ஒரு நிறுவனத்துக்கு ஏழு லட்சத்துக்கு மேல் காசும் கொடுத்து, ஏறக்குறைய பத்து மாதமும் இழுபட்டு, கடைசியில் எங்கள் சொந்தக் கணக்கையே காசு கட்டி மீட்க வேண்டி வந்தது. முறைப்பாடு போய்க்கொண்டிருப்பதால் அவர்களின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் நடந்ததை முழுவதும் எழுதுகிறேன், ஏனென்றால் அதே ஆள் அதே டெமோவோடு போன கிழமை சுன்னாகத்தில் எனக்குத் தெரிந்த ஒரு கடைக்குப் போயிருக்கிறார்.

2024 ஜனவரியில் வற் (பெறுமதி சேர் வரி) 18 வீதமானது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அதோடு சேர்த்துப் பதிவு செய்ய வேண்டிய எல்லையையும் வருடத்துக்கு 80 மில்லியனில் இருந்து 60 மில்லியனுக்கு இறக்கினார்கள். சீமெந்தும் கம்பியும் விற்கிற கடைக்கு 60 மில்லியன் என்பது விற்பனைத் தொகை மட்டும்தான், கையில் நிற்கிற லாபம் வேறு கதை. இரண்டு கடையையும் கூட்டிப் பார்த்தபோது நாங்களும் உள்ளே வந்துவிட்டோம். அதுவரை பில் புத்தகம், ஒரு எக்செல் பைல், அப்பாவின் கடன் கொப்பி, இவ்வளவுதான். இனி வரிப் பற்றுச்சீட்டு, தொடர் இலக்கம், கொள்வனவு அட்டவணை, விற்பனை அட்டவணை என்று கையால் இழுக்க முடியாது என்று விளங்கியது. அந்த நேரம் பார்த்துத்தான் அவர்கள் வந்தார்கள்.

டெமோ உண்மையிலேயே வடிவாக இருந்தது. மடிக்கணினியில் லாப நட்டக் கணக்கு, ஐந்தொகை, வங்கிக் கூற்றோடு ஒப்பிடுவது எல்லாம் இரண்டு கிளிக்கில் வந்தது. "ஐயா, இது எங்கட பொடியள் மூண்டு வருசமா இருந்து எழுதின சொப்ட்வெயார், வேற ஒருத்தரிட்டயும் கிடையாது, நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ" என்று அப்பாவிடம் சொன்னார்கள். விலை ஒன்பது லட்சம், அதில் 60 வீதம் முற்பணம், அதற்குமேல் மாதம் 18,000 ரூபாய் சேர்வர் வாடகை. ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இரண்டு பக்கம். அப்பா கையெழுத்து வைத்தார், நானும் பக்கத்தில்தான் இருந்தேன், இரண்டாம் பக்கத்தை நாங்கள் வாசிக்கவில்லை. அது 2024 ஏப்ரல்.

முதல் பிரச்சினை பொருட்களின் பெயர்ப் பட்டியலில் வந்தது. எங்களிடம் மூவாயிரத்துச் சொச்சம் பொருட்கள், எல்லாம் வருடக்கணக்காகப் பாமினி எழுத்துருவில் அடித்து வைத்தவை. பாமினி யுனிகோட் (எந்தக் கணினியிலும் தமிழைத் தமிழாகவே வைத்திருக்கிற முறை) இல்லை, எழுத்துருவை எடுத்துவிட்டால் அடியில் இருப்பது ஆங்கில எழுத்துகள்தான். மாற்றித்தான் ஏற்ற வேண்டும், அதற்கு இலவச மாற்றிகளே இணையத்தில் இருக்கின்றன. இவர்கள் அப்படியே ஏற்றிவிட்டார்கள். பில்லில் சீமெந்து என்று வர வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும், மெய்யெழுத்தின் புள்ளி வருகிற இடமெல்லாம் அரைப்புள்ளியும் வந்தது. கேட்டால், "அக்கா, எல்லாத்தையும் இங்கிலீஷில திருப்பி அடியுங்கோ, அதுதான் ஸ்ராண்டட்." காசாளராக இருக்கிற தங்கச்சியும் நானும் மூன்று கிழமை இரவிரவாக இருந்து அடித்தோம்.

அடுத்தது கம்பி. இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஹாட்வெயார் கடைக்காரர் எல்லோருக்கும் இது வரும். நாங்கள் கம்பியைத் தொன் கணக்கில் வாங்குகிறோம், துண்டுக் கணக்கில் விற்கிறோம். 12 மில்லிமீற்றர் கம்பி மீற்றருக்கு 0.888 கிலோ, 6 மீற்றர்த் துண்டு ஒன்று 5.33 கிலோ, ஆகவே ஒரு தொன்னுக்கு 187 துண்டு வரும். 10 மில்லிமீற்றருக்கு இந்தக் கணக்கு வேறு. இதைத் தெரிந்துகொண்டு தொடக்கத்திலேயே ஒவ்வொரு தடிப்புக்கும் தனித்தனி அளவுமாற்றம் போட்டு வைக்க வேண்டும். அவர்கள் ஐந்து தொன்னை ஐந்து துண்டு என்று ஏற்றியிருந்தார்கள். மேசன்மார் வந்து வாங்கத் தொடங்கிய முதல் நாளே கையிருப்பு மைனஸில் போனது. கம்பியின் கையிருப்புப் பிழைத்தால் அதன் அடக்கவிலையும் பிழை, லாபமும் பிழை. டைல்ஸ் பெட்டியில் வந்து சதுர அடியில் போகிறது, வயர் றோலில் வந்து மீற்றரில் போகிறது, அங்கேயும் இதே கூத்துத்தான். பின்திகதியிட்ட காசோலைகளுக்கு ஒரு பதிவேடு கேட்டோம். யாழ்ப்பாணத்தில் மொத்த வியாபாரம் நடப்பதே அந்தக் காசோலைகளில்தான் என்று அவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. அடுத்த கிழமை, அடுத்த கிழமை என்றே ஐந்து மாதம் போனது.

இதெல்லாம் திறமைக் குறைவு என்று பொறுத்துக்கொண்டேன். டெமோவில் பார்த்த ஐந்தொகையும் லாப நட்டக் கணக்கும் எங்களுக்குத் தந்ததில் இல்லவே இல்லை என்று ஒக்டோபரில் கண்டுபிடித்த பிறகு பொறுக்க முடியவில்லை. மெனுவில் பற்றுச்சீட்டு மட்டும்தான் இருந்தது. "அந்த மொடியூல் இன்னும் எழுதி முடியேல்ல அக்கா" என்றார்கள். பெரியம்மாவின் மகன் பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கிறான், அவனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் செட்டிங்ஸ் பக்கத்தின் அடிக்குப் போனான். நிறுவனத்தின் பெரிய லோகோவுக்குக் கீழே சின்ன எழுத்தில் ஓடூ 14 என்றும் அதன் லைசென்ஸ் விபரமும் அழிக்க மறந்துபோய்க் கிடந்தன.

ஓடூ என்பது பெல்ஜியத்தில் இருந்து வருகிற, உலகம் முழுவதும் பாவிக்கிற மென்பொருள். அதன் கம்யூனிட்டிப் பதிப்பு இலவசம், மூலநிரலும் திறந்தது. அதை நிறுவிக் கொடுத்து, பழக்கி, பராமரித்து அதற்குக் காசு வாங்குவதில் ஒரு பிழையும் இல்லை, லைசென்ஸே அதற்கு இடம் கொடுக்கிறது, நன்றாகச் செய்து கொடுத்தால் நான் சந்தோசமாகக் காசு கொடுப்பேன். எனக்குக் கோபம் வேறு இடத்தில். முழுக் கணக்கியல் பகுதி காசுக்கு விற்கிற என்டர்பிரைஸ் பதிப்பில்தான் இருக்கிறது, கம்யூனிட்டியில் பற்றுச்சீட்டு மட்டும்தான், இதை ஓடூ மறைக்கவில்லை, தன் இணையத்தளத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே காட்டுகிறது. எங்கள் மேசையில் காட்டியது அந்த என்டர்பிரைஸ் பதிப்பு, அதை ஓடூவே இணையத்தில் இலவசமாக முயன்று பார்க்கத் தருகிறது. ஒன்றைக் காட்டி இன்னொன்றைத் தந்துவிட்டு, தங்கள் பொடியன்கள் எழுதியது என்று என் அப்பாவிடம் சொல்லியிருக்கிறார்கள். அதுவும் 14ஆம் பதிப்பு 2020இல் வந்தது. ஓடூ கடைசி மூன்று பெரிய பதிப்புகளுக்குத்தான் ஆதரவு தருகிறது, 2023 கடைசியில் 17 வந்தபோதே இதற்கு ஆதரவு முடிந்துவிட்டது. எங்களுக்குப் புதிதாக விற்ற நாளிலேயே அது காலாவதி.

பொங்கல் முடிந்த கையோடு ஒரு கடிதம் கொடுத்தோம், கணக்கியல் பகுதியைத் தரும்வரை மாத வாடகை கட்ட மாட்டோம் என்று. இரண்டு நாளில், ஜனவரி 22 காலை, கடையைத் திறந்தால் ஒருவராலும் உள்ளே போக முடியவில்லை. ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான காலாண்டின் வற் விபரத்திரட்டு ஜனவரி 31க்குள் போக வேண்டும், அது அவர்களுக்கும் நன்றாகத் தெரியும். தொலைபேசியில் அமைதியாகச் சொன்னார்கள், தரவை எடுத்துத் தருவதற்கு இரண்டரை லட்சம். சட்டத்தரணியிடம் ஒப்பந்தத்தைக் கொண்டுபோனபோதுதான் அந்த இரண்டாம் பக்கத்தை வாசித்தோம். சேர்வரும் டொமைனும் (இணைய முகவரியும்) அட்மின் கடவுச்சொல்லும் அவர்களுடையவை, தரவை எப்போது எந்த வடிவில் தருவார்கள் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. அப்பா அன்று மதியம் சாப்பிடவில்லை. முப்பது வருடமாக ஒருவரிடமும் கடன் தவறாத மனுஷன், யார் எவ்வளவு தர வேண்டும் என்பதே தெரியாமல் கல்லாவில் இருந்தார்.

காசாளர் தங்கச்சிதான் எங்களைக் காப்பாற்றினாள். கையிருப்பு மைனஸில் போன நாளில் இருந்து அவள் ஒவ்வொரு பின்னேரமும் அன்றைய விற்பனை, கொள்வனவு இரண்டையும் தெரிவுசெய்து எக்செலில் இறக்கி ஒரு பென்டிரைவில் வைத்திருந்தாள், ஒருவரும் சொல்லித் தரவில்லை. அதை வைத்து 30ஆம் திகதி இரவு விபரத்திரட்டை அனுப்பினோம். ஆனால் கடன் நிலுவைகளும் காசோலைகளும் உள்ளே கிடந்தன. பேசிப் பேசி 90,000 ரூபாய்க்கு இறங்கினார்கள், கட்டினோம். முதலில் தந்த பைலில் டெலிவரித் தாள்களின் படங்கள் ஒன்றும் இல்லை. ஓடூவில் இணைப்புப் படங்கள் தரவுத்தளத்துக்கு வெளியே தனியாக இருக்கும், பக்கப் (முழுத் தரவின் பிரதி) எடுக்கும்போது சிப் (zip) வடிவில் எடுத்தால்தான் அவையும் சேர்ந்து வரும். திரும்பப் போய்ச் சண்டைபிடித்துத்தான் அதை வாங்கினோம், அதிலும் சாவகச்சேரிக் கிளையின் இரண்டு மாதப் படங்கள் இல்லை.

சுன்னாகத்துக் கடைக்காரருக்கு நான் சொன்னது இதுதான். சேர்வர்க் கணக்கும் டொமைனும் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் எடுக்கச் சொல்லுங்கள். காட்டுகிற மென்பொருளின் அடிப்படை எது, கம்யூனிட்டியா என்டர்பிரைஸா, எத்தனையாம் பதிப்பு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். டெமோவை அவர்களின் மாதிரிப் பொருட்களில் பார்க்காதீர்கள், உங்கள் கடையின் ஐம்பது பொருட்களைக் கொடுத்து, ஒரு தொன் கம்பி வாங்கிப் பத்துத் துண்டு விற்று, ஒரு காசோலை திரும்பி வந்தால் என்ன செய்வது என்பதையும் கண்முன் செய்து காட்டச் சொல்லுங்கள். முற்பணம் கால்வாசிக்கு மேல் வேண்டாம். முதல் மாதமே முழு பக்கப்பையும் வாங்கி, வேறொரு கணினியில் அது திறக்கிறதா என்று உங்கள் ஆள் ஒருவரை வைத்துப் பார்த்த பிறகுதான் அடுத்த தவணை.

இப்போது பெரியம்மாவின் மகன், அந்தத் தம்பிதான் அந்தத் தரவை எங்கள் பெயரில் எடுத்த சேர்வரில் புதிய பதிப்புக்கு மாற்றிக்கொண்டிருக்கிறான். கணக்கு அறிக்கைகளுக்கு ஓடூ சமூகத்தவர்கள் இலவசமாக எழுதி வைத்திருக்கிற மொடியூல்களைப் போட்டிருக்கிறோம், இருப்பாய்வும் பேரேடும் வருகின்றன. சாவகச்சேரியில் படம் இல்லாமல் போன டெலிவரிகளுக்கு அப்பா ஒவ்வொரு மேசனாகக் கூப்பிட்டுக் கேட்டு எழுதுகிறார், பாதி முடிந்துவிட்டது.

அந்த ஒப்பந்தத்தின் பிரதியும் நாங்கள் கொடுத்த கடிதமும் என்னிடம் இருக்கின்றன. உங்களிடமும் யாராவது இப்படி ஒரு தாளை நீட்டியிருந்தால் கையெழுத்து வைக்க முதல் கொண்டு வாருங்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் பார்ப்போம். காலையில் வந்தால் நல்லது, பின்னேரம் லொறி இறக்குகிற நேரம்.