45 வெள்ளிப் பெட்டியும் இரண்டு சொட்டுப் பாலும்

திரவத்தில் ஒளி எப்படிச் சிதறுகிறது என்று காட்டும் அறிவியல் சோதனைப் பெட்டி, படிவம் 2 படிக்கும் பேரனுக்காக இணையத்தில் ஆர்டர் செய்தது. மூன்றாம் நாளே ஜெலுத்தோங் வீட்டுக்கு வந்துவிட்டது, அதில் குறை இல்லை. உள்ளே ஒரு சிவப்பு லேசர், மூன்று பிளாஸ்டிக் குடுவை; முழுதாகக் கரைந்துவிடும் கரைசல், துகள் படியாமல் மிதக்கும் கூழ்மம், கொஞ்ச நேரத்தில் அடியில் படிந்துவிடும் தொங்கல் மூன்றுக்கும் பொட்டலம் பொட்டலமாகத் தூள்.

சமையலறை விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தோம். கரைசல் பொட்டலம் வெறும் உப்பு. லேசர் நுழையும் இடத்தில் ஒரு புள்ளி, வெளியேறும் இடத்தில் ஒரு புள்ளி, நடுவில் ஒன்றுமில்லை. கரைந்த உப்பின் துகள் 1 நானோமீட்டருக்கும் சிறியது. கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு ஒளியைச் சிதறடிக்காது. சரி.

கூழ்மப் பொட்டலம்தான் மானத்தை வாங்கியது. எவ்வளவு கலக்கியும் கட்டி கட்டியாய் நின்று, பத்து நிமிடத்தில் அடியில் படிந்தது. என் அம்மா கெடாவில் பால்மரம் வெட்டியவர். வாளியில் ரப்பர் பால் மண் மாதிரி அடியில் படிந்து நான் பார்த்ததே இல்லை. ஆசிட் ஊற்றித்தான் உறைய வைப்பார்கள். அதுவல்லவா கூழ்மம்! “பாட்டி, அப்போ இதுவும் தொங்கல்தானே?” என்றான் பேரன். விற்றவருக்கு எழுதினேன். வெதுவெதுப்பான நீரில் கலக்கச் சொன்னார். அப்படியும் படிந்தது.

அப்புறம் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் இரண்டு சொட்டுப் பால் விட்டேன். லேசரை அடித்ததும் ஊதுவத்திக் கனத்தில் ஒரு சிவப்புக் கோடு, டம்ளரின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை! பாலின் புரதத் துகள்கள் ஏறக்குறைய 100, 200 நானோமீட்டர். அவையும் பாலின் கொழுப்புத் துளிகளும்தான் ஒளியைப் பக்கவாட்டில் தள்ளிவிடுகின்றன. டிண்டால் விளைவு என்பது இதுதான். இன்னும் சில சொட்டு விட்டு, கைப்பேசி விளக்கை அடித்தோம். பக்கத்திலிருந்து பார்த்தால் லேசாக நீலம், எதிரே நின்று பார்த்தால் மஞ்சள். நீலம் அதிகம் சிதறி வெளியேறிவிடுவதால் மிஞ்சுவது மஞ்சள்.

அடுத்து ரோஸ் சிராப். இவ்வளவு நிறம் இருக்கிறதே, லேசர் கோடு நன்றாகத் தெரியும் என்று பேரன் அடித்துச் சொன்னான். தெளிந்த சிராப்பில் கோடே இல்லை. நிறம் வேறு, கலங்கல் வேறு. அதிலேயே டின் பாலை ஊற்றினோம். பண்டுங் ஆனதுதான் தாமதம், கோடு கலைந்து டம்ளர் முழுக்கச் சிவப்பாய் ஒளிர்ந்தது. துகள்கள் நெருங்கிவிட்டால் ஒளி ஒன்றில் பட்டு இன்னொன்றில் பட்டு, வந்த வழியே தெரியாமல் போய்விடுகிறது.

பெட்டியில் வந்த குடுவைகளை இதற்கெல்லாம் தொடவே இல்லை. உள்ளே கீறல்; வெறும் தண்ணீர் ஊற்றினாலும் சுவரே மினுங்குகிறது. இதைவிட மோசம், லேசரில் எத்தனை மில்லிவாட், எந்தப் பாதுகாப்பு வகுப்பு என்று ஒரு எழுத்தும் இல்லை. சுட்டிக்காட்டும் லேசர் என்றால் 1 மில்லிவாட்டுக்கு மேல் போகாத 2ஆம் வகுப்பு என்று பார்த்து வாங்குங்கள். கடைசி வரை நானே பிடித்துக்கொண்டேன், அவன் கையில் கொடுக்கவில்லை.

மீதிப் பொட்டலங்கள் அலமாரியில் கிடக்கின்றன. பண்டுங்கைப் பேரன் ஐஸ் போட்டுக் குடித்துவிட்டான்.