‘கோ’வில் ஒரு பெயர்

டொரன்டோவில் மகனுக்கு ஆண் பிள்ளை பிறந்தது. திருகோணமலை உவர்மலையில் இருக்கும் எனக்கு உடனே ஒரு வேலை வந்தது: பிறந்த நட்சத்திரத்துக்குரிய பெயர் எழுத்துப் பார்ப்பது. முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவுக்கு முன் பெயர் முடிவாக வேண்டும் என்று மருமகள் சொல்லிவிட்டாள். பத்திரகாளி அம்மன் கோயில் பக்கம் சாதகக் குறிப்பு எழுதும் கடை ஒன்றுக்குப் போனேன். கடையின் பெயரை எழுதப் போவதில்லை. ஏன் என்பது வாசிக்க வாசிக்கப் புரியும்.

சின்ன அறை. ஒரு கணினி, ஒரு பிரின்டர், மேசையில் தாள் மடங்கிய வாக்கிய பஞ்சாங்கம். சாத்திரியார் என்றதும் நரைத்த தாடியை எதிர்பார்த்துப் போனேன். இருந்தவர் முப்பது வயதுத் தம்பி. என்னைக் கண்டதும் “வாங்கோ ரீச்சர்” என்றார். அவருக்குப் படிப்பித்த ஞாபகம் எனக்கு இல்லை, ஆனாலும் கேட்க நன்றாகத்தான் இருந்தது. பெயர் எழுத்து மட்டும் என்றால் ஆயிரம் ரூபாய், முழுக் குறிப்பு மூவாயிரம். முழுக் குறிப்பையே கேட்டேன்.

கால் மணி நேரத்தில் தாள் வந்தது. திருவாதிரை நான்காம் பாதம் (ஒரு நட்சத்திரத்துக்கு நான்கு பாதம்), எழுத்து ‘ச’. கீழே சஞ்சயன், சயந்தன் என்று தொடங்கி, இப்போது நம் பிள்ளைகளுக்கு வைக்கும் பொருள் பிடிபடாத ‘சன்’கள், ‘ஷன்’கள். அந்தத் தாளைப் படம் பிடித்து மகனுக்கு அனுப்பினேன். “அம்மா, இரவு 2:10 எண்டது எங்கட நேரம். அங்க அது பகல் 11:40” என்றான். தம்பி கணினியில் ஊரை மாற்றாமல், திருகோணமலை என்று இருந்தபடியே 2:10ஐப் போட்டுவிட்டார். ஒரு பாதம் ஏறக்குறைய ஆறு மணி நேரம். ஒன்பதரை மணி பிசகினால் பாதம் மாறாமல் என்ன செய்யும்? பேரப்பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில் பிறக்கும் காலத்தில் பிறந்த ஊரை முதலில் கேட்க வேண்டாமா?

மறுநாள் போய்ச் சொன்னேன். தம்பி வாதாடவில்லை. “என்ர பிழைதான் ரீச்சர்” என்று காசு வாங்காமல் திரும்பக் கணித்தார். புனர்பூசம் இரண்டாம் பாதம், எழுத்து ‘கோ’. பஞ்சாங்கத்தையும் புரட்டி ஒத்துப் பார்த்தார். பஞ்சாங்கம் கணிக்கும் இரண்டு முறைகளான வாக்கியமும் திருக்கணிதமும் சில வேளை பாதத்தில் முரண்படுமாம். இந்தப் பிள்ளைக்கு இரண்டும் ஒன்றாகவே வந்தன.

அப்புறம் அவர் காட்டிய ஒன்றுக்காகவே மூவாயிரமும் தகும். புனர்பூசத்துக்கு எழுத்துகள் கே, கோ, ஹ, ஹி. முதல் பாதத்துக்குக் கேதீஸ்வரன், இரண்டாம் பாதத்துக்குக் கோணேஸ்வரன். சம்பந்தர் பாடிய ஈழத்துத் தலங்களான திருக்கேதீஸ்வரமும் திருக்கோணேஸ்வரமும் ஒரே நட்சத்திரத்தில், அடுத்தடுத்து! இத்தனை வருடம் தமிழ் படிப்பித்த எனக்கு இது கண்ணில் பட்டதே இல்லை.

பட்டியலில் முதலாவதாக நின்றது கோணேஸ்வரன். அது என் கணவரின் பெயர். கோணேசர் கோயிலுக்குப் புதிதாகக் கும்பாபிஷேகம் நடந்த 1963ஆம் ஆண்டு பிறந்தவர் என்பதால் மாமா வைத்த பெயர். எங்கள் ஊரில் இது அரிய பெயரே அல்ல. கோணேசன், கோணேஸ்வரி, முந்திய தலைமுறையில் கோணாமலை, அம்பாளின் பெயரில் மாதுமை என்று தெருவுக்குத் தெரு இருப்பார்கள். ஒருமுறை என் வகுப்பில் மூன்று கோணேஸ். தகப்பன் பெயரின் முதலெழுத்தை வைத்துத்தான் பிரித்துக் கூப்பிடுவேன். பெடியன்கள் ‘கோணல்’ என்று பகிடி பண்ணுவதும் உண்டு. பாட்டன் பேரைச் சுமப்பவன்தானே பேரன். இவனுக்கும் அதையே வைப்போம் என்று நினைத்தேன்.

மகன் சிரித்தான். “அம்மா, எங்கட கடைசிப் பெயரே அப்பாவின்ர பெயர்தானே. பிள்ளை கோணேஸ்வரன் கோணேஸ்வரன் எண்டு வரும்!” உண்மைதான். இங்கே ‘கோ.’ என்ற ஓர் எழுத்தாக முன்னால் நின்றது, அங்கே படிவத்தில் குடும்பப் பெயராகி உறைந்துவிட்டது. நம் வழக்கப்படி பேரனுக்கு முன்னால் என் மகனின் எழுத்துத்தான் வர வேண்டும். ஆனால் கேட்காமலே பாட்டன் பெயர் அவனுக்குப் போய்விட்டது. மருமகளுக்கு வேறு பயம்: பள்ளிக்கூடத்தில் ‘ஐஸ்கிறீம் கோன்’ என்பார்களாம்.

சரி, கோகுலன் என்று முடிவானது. நான் கேட்காமலே தம்பி எண் சோதிடத்துக்கும் போனார். ஆங்கிலத்தில் ‘கே’யில் தொடங்கினால் கூட்டுத்தொகை 26, அதாவது 8, சனியின் எண், ‘ஜி’யில் தொடங்கினால் 27, அதாவது 9. ‘ஜி’ மருமகளுக்கும் பிடித்தது, விட்டுவிட்டேன். அடுத்து, கோணேஸ்வரனில் ஒரு ‘எச்’ சேர்த்தால் 37 என்பது 42 ஆகிவிடும் என்றார். கடவுச்சீட்டில் இருக்கிற பெயரில் கை வைக்க வேண்டாம் தம்பி என்று அதோடு நிறுத்தினேன்.

கடைசியாக அச்சடித்துத் தந்த அழகான மஞ்சள் அட்டையில் ‘கோகுலன் கோனேஸ்வரன்’ என்று இருந்தது. றன்னகரம்! கோணமாமலையின் ணகரத்தை இந்த ஊரிலேயே தவறவிட்டால் எப்படி? திரும்ப அடித்துத் தந்தார், முகம் கோணாமல்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். பொறுமைக்கும் விளக்கத்துக்கும் முழு மதிப்பெண், கவனத்துக்குத்தான் குறைத்தேன். போகிறவர்கள் பிறந்த ஊரையும் அந்த ஊர் நேரத்தையும் பிள்ளையின் கடைசிப் பெயரையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். வெள்ளிக்கிழமை காலையில் மட்டும் போகாதீர்கள். கோயிலுக்கு வந்த கூட்டம் பாதி அந்தக் கடை வாசலில்தான் நிழலுக்கு நிற்கும்.